படத்தை நிற்க விடுங்கள்

மணிவிழா, சதாபிஷேகம், பதினாறாம் நாள் நினைவஞ்சலி என்று எதுவானாலும் இப்போது ஒரு வீடியோ உண்டு. பீரோவின் மேல்தட்டிலிருந்து ஆல்பங்கள் இறங்குகின்றன. சுவரில் மாட்டியிருந்த சட்டத்தின் ஆணிகளை நெம்பித் தாத்தாவை வெளியே எடுக்கிறார்கள். நாற்பது ஐம்பது படங்கள் ஸ்டுடியோவுக்குப் போய், ஒரு பாட்டையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து நிமிட வீடியோவாகத் திரும்பி வருகின்றன. மண்டபத்துத் திரையில் அது ஓடும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கையில பாக்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, வீடியோல கிளாரிட்டி போயிடுச்சு."

போயிருக்கும், உண்மைதான். எங்கே போனது என்று கேட்டால் ஸ்கேனரைச் சொல்வார்கள், திரையைச் சொல்வார்கள், வாட்ஸாப்பைச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நான் கவனித்தவரை பெரிய சேதாரம் வேறோர் இடத்தில் நடக்கிறது. படத்தை நாம் நிற்க விடுவதில்லை. வந்த நொடியிலிருந்து அது நகர்கிறது, பெரிதாகிறது, சிறிதாகிறது, அடுத்த படத்துக்குள் கரைகிறது. அந்த ஓயாத அசைவுக்கான விலையைப் படத்தின் நுணுக்கங்கள்தான் கொடுக்கின்றன.

வீடியோ என்றால் நொடிக்கு 25 முழுப்படங்களை அடுக்கி வைத்தது என்றே நினைத்துக்கொள்கிறோம். அப்படியே சேமித்தால் முழு எச்.டி. அளவில் ஒரு நொடிக்கே 155 மெகாபைட் வேண்டும். அதனால் 2003இல் வந்து இன்றும் பரவலாகப் புழங்கும் எச்.264 போன்ற முறைகள் ஒரு ஃபிரேமை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருகிறவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. படம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. மாறாத கட்டத்துக்கு, அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் 'மேற்படி' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவாரே, அப்படி ஒரு சின்னக் குறி போதும். நகர்ந்த கட்டத்துக்கு 'இது முன்பு அங்கே இருந்தது' என்று ஒரு திசைக்குறி. இரண்டுக்கும் அடங்காததைத்தான் புதிதாக வரைய வேண்டும். வரைவதற்கோ நொடிக்கு இவ்வளவு பிட் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

இப்போது ஒரு புகைப்படத்தை அதற்குள் வைத்துப் பாருங்கள். படம் அசையாமல் நின்றால் முதல் ஃபிரேமுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். பின்னால் வருகிற இருநூறு ஃபிரேமும் ஏறக்குறையச் செலவே இல்லாத மேற்படிகள். மிச்சமாகும் பிட்டுகளைக் கொண்டு படத்தை இன்னும் திருத்தமாக்கவும் வழி இருக்கிறது. பக்கவாட்டில் நகர்த்தினால் திசைக்குறிகள் ஓரளவு சமாளிக்கும். ஜூம் செய்யும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது, எச்.264இன் திசைக்குறிக்குக் கட்டத்தை இடம் மாற்றத் தெரியுமே தவிர வளர்க்கத் தெரியாது. எனவே படம் முழுவதற்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு படம் இன்னொன்றாகக் கரைவது அதைவிடவும் கடினம், ஏனென்றால் அங்கே எல்லாப் பிக்சலும் இடம் பெயராமலே மாறிக்கொண்டிருக்கின்றன. பிட்டுக்குப் பஞ்சம் வந்ததும் கருவி முதலில் கைவிடுவது மிக மெல்லிய வேறுபாடுகளைத்தான்: தோலின் நுண்துளை, பருத்தியின் இழை, படச்சுருளின் மணல்போன்ற துகள். முகம் மெழுகாவது அப்படித்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, கருவிகளைச் செய்தவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பது. எக்ஸ்264 என்ற இலவச மென்பொருளில் 'ஸ்டில் இமேஜ்' என்று தனி அமைப்பு ஒன்று உண்டு. அசையாப் படங்களைக் கோத்துச் செய்யும் வீடியோக்களுக்கென்றே வைத்தது. கட்டங்களின் விளிம்பை மழுக்கிச் சீராக்கும் வடிப்பானை அது தளர்த்திவிடுகிறது, இழைநயம் பிழைக்கட்டும் என்று. அதற்கும் முன்னால் வி.சி.டி. காலத்திலேயே இந்த அறிவு இருந்தது. நம் வீட்டுக் கல்யாணங்களெல்லாம் ஒரு காலத்தில் அடைபட்டிருந்த அந்தத் தட்டில் ஓடும் படத்துக்கு 352க்கு 288 பிக்சல்தான். ஆனால் அதன் இரண்டாம் பதிப்பு விதிகள் அசையாப் படத்துக்கு 704க்கு 576 வரை இடம் தந்தன. நான்கு மடங்கு! நின்றால் நான்கு மடங்கு தருகிறேன் என்று சொன்ன ஒரு வசதியை நம் ஊர்த் தட்டுகளில் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

மெதுவாக நகர்த்தினால் கெடாது என்று ஒரு நம்பிக்கை எடிட்டர்களிடம் இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எட்டு நொடியில் படம் நூறு பிக்சல் இடப்பக்கம் போகிறது என்று வையுங்கள். 200 ஃபிரேமுக்கு 100 பிக்சல், ஒரு ஃபிரேமுக்கு அரைப் பிக்சல். ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில் படம் இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுகிறது. அங்கே விழுந்ததைப் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியாகத்தான் காட்ட முடியும், ஆகவே சற்று மங்கும். அடுத்த ஃபிரேம் சரியான இடத்தில் விழுந்து கூர்மையாகும். கூர்மை, மங்கல், கூர்மை, மங்கல் என்று நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் படம் துடிக்கிறது. கண் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காது. சேலைக் கரையின் சரிகைக்கோடு மினுமினுக்கிறதே என்று மட்டும் தோன்றும். அதே எட்டு நொடியில் 200 பிக்சல் நகர்த்துங்கள். ஃபிரேமுக்கு முழுசாக ஒரு பிக்சல். துடிப்பு நின்றுவிடும், திசைக்குறிகளும் பிசகில்லாமல் பொருந்தும். வேகத்தைக் கூட்டியதால் தெளிவு கூடுகிறது. இந்தக் கணக்கைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, எதற்காக அசைக்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு எடிட்டரிடம் கேட்டேன். முப்பது வயதுக்குள் இருப்பார், தொழிலில் கெட்டிக்காரர். "சும்மா நிக்க வச்சா நெட் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுத் தள்ளி விட்டுடுவாங்க சார்" என்றார். அந்தப் பதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ஃபிலிமில் படத்தை நிறுத்தினாலும் அது முழுதாக நின்றதில்லை. ஒரே புகைப்படத்தை நொடிக்கு 24 தடவை திரும்பத் திரும்பப் படம் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் துகள்கள் வேறு இடத்தில் இருக்கும். சுருள் புரொஜெக்டருக்குள் ஓடுகையில் மயிரிழை அளவுக்கு ஆடும். நின்ற படத்தின் மேல் ஒரு உயிர்ப்பு ஓடிக்கொண்டே இருந்தது. க்ரிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிடப் படம், ஏறத்தாழ முழுவதும் புகைப்படங்களால் ஆனது. அதில் ஒரே ஒரு இடத்தில், உறங்கும் பெண் கண் திறக்கும்போது, படம் உண்மையாகவே அசைகிறது. அந்தச் சில நொடிகளின் வலிமை மற்றதெல்லாம் அசையாமல் இருந்ததால் வந்தது. ஒவ்வொரு புகைப்படத்தையும் அவர் ஜூம் செய்துகொண்டே போயிருந்தால் அந்தக் கண்கள் திறந்ததை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

டிஜிட்டலில் நின்றால் நின்றதுதான். துகள் ஆட்டமும் இல்லை, சுருளின் நடுக்கமும் இல்லை. நின்ற படமும் அறுந்த இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டன. எடிட்டரின் பயம் நியாயமானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயத்துக்கு அவர் கண்ட மருந்துதான் சரியில்லை. நின்ற படத்தின் கீழே குரல் ஓடட்டும், நாதஸ்வரம் ஓடட்டும். ஒலி ஓடினால் யாரும் நெட் போய்விட்டது என்று நினைக்க மாட்டார்கள்.

புகைப்படத்தின் மேல் கேமராவை நகர்த்துவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக காலின் லோவும் வுல்ஃப் கேனிக்கும் 1957இல் செய்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' அந்தக் கலையின் உச்சங்களில் ஒன்று. 1890களின் இறுதியில் தங்கம் தேடி க்ளோண்டைக்குக்குப் படையெடுத்த மனிதர்களின் பழைய படங்கள். பனிமலைச் சரிவில் எறும்புச் சாரையாக ஏறும் கூட்டம். கேமரா அருகே போகப் போக ஒவ்வொருவர் முதுகிலும் மூட்டை தெரிகிறது. கேமரா எந்த வளைவில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று கணக்கிட்டுக் குறிப்பதற்கே ரோமன் குரோய்ட்டர் ஒரு கருவி அமைத்தார். கென் பர்ன்ஸ் தம் ஊக்கமாகச் சொன்னது இந்தப் படத்தைத்தான். 1990இல் அவருடைய 'சிவில் வார்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது உலகமே இந்த உத்தியைக் கண்டுகொண்டது. 2003இல் ஆப்பிளின் ஐமூவி மென்பொருள் அவர் பெயரிலேயே இதை ஒரு பொத்தானாக்கியது.

பொத்தானானதும் இரண்டு விஷயங்கள் தொலைந்தன. ஒன்று, ஏன் அங்கே போகிறோம் என்ற கேள்வி. லோவும் கேனிக்கும் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து அதை நோக்கிப் போனார்கள். பொத்தான் எந்த முகத்தையும் கண்டுபிடிப்பதில்லை. மற்றது, தரம் சார்ந்தது. அவர்கள் கேமராவை அருகே கொண்டுபோனபோது முன்பு தெரியாத விவரம் உண்மையாகவே வந்து சேர்ந்தது, ஏனென்றால் அது மூலப்படத்தில் இருந்தது. டிஜிட்டலில் அருகே போவதற்குக் கையில் பிக்சல் இருக்க வேண்டும். முழு எச்.டி. வீடியோவில் ஒரு படத்தின் பாதி அகலம் வரை ஜூம் செய்ய அதன் அகலம் 3,840 பிக்சலாவது இருக்க வேண்டும். அஞ்சலட்டை அளவுப் பழைய படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 3,300. பாதி வரை போக அது போதாது. ஓரளவாவது இருக்கிறதே என்று நினைக்கும்போதே இன்னொரு பள்ளம். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் பல பதிப்புகளில் படத்தைத் திரைக்குப் பொருத்த இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து உண்டு. 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' என்பது படத்தை டைம்லைனின் அளவுக்குக் குறைத்து எடுத்துக்கொள்ளும். அதன்மேல் ஜூம் செய்வது ஏற்கெனவே சுருங்கியதை இழுத்துப் பெரிதாக்குவதுதான். 'செட் டு ஃபிரேம் சைஸ்' மூலத்தின் பிக்சல்களை அப்படியே வைத்துக்கொண்டு பொருத்தும். எத்தனையோ குடும்பப் படங்கள் முதல் கட்டளையில் விழுந்து மங்கியிருக்கின்றன.

என்னிடம் அப்பத்தாவும் தாத்தாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஸ்டுடியோப் படம் ஒன்று இருக்கிறது. தாத்தா நாற்காலியில், அப்பத்தா பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கைவைத்திருக்கிறார். பின்னால் தூணும் படிக்கட்டும் தீட்டிய திரை. இப்படிப்பட்ட தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் வழியாகத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. நம் வீட்டுப் படமும் ஒரு வரலாற்றுக் காலத்தின் துண்டு என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்து வந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அப்பத்தாவின் கண்ணுக்குக் கீழே மிக மெல்லிய தீற்றல்கள் தெரியும். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தீற்றி அங்கிருந்த கருமையைக் குறைத்திருக்கிறார். ஒரு தொழிலாளியின் அரைமணி நேர உழைப்பு அது. வீடியோவில் முதலில் அழிவதும் அதுதான், கருவிக்கு அது வெறும் இரைச்சல்.

இந்த நெட்டைப் படம் திரைக்குள் போகும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 240 லட்சம் பிக்சலில் ஸ்கேன் செய்திருப்பதாக வைப்போம். முழு எச்.டி. திரையின் உயரம் 1,080. மூன்றுக்கு இரண்டு விகிதப் படத்துக்கு அகலம் 720. பெருக்கினால் எட்டு லட்சம்கூட வரவில்லை. முப்பதில் ஒரு பங்கு. இந்த இழப்பு திரையின் இயல்பு, தவிர்க்க முடியாது. இருக்கிற அந்த ஒரு பங்கையாவது சிதைக்காமல் காப்பதுதான் நம்மால் ஆனது. பக்கங்களில் மிஞ்சும் இடத்தில் அதே படத்தை மங்கலாக்கிப் பரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்பத்தாவின் இரண்டு பக்கமும் அப்பத்தாவின் பேருருவக் கறை. கறுப்பாக விட்டால் கண் நடுவில் நிற்கும்.

நிறத்தின் அளவுகோல் இன்னொரு கண்ணி. புகைப்படத்தில் கறுப்பு 0, வெளுப்பு 255. வீடியோவில் வழக்கமாகக் கறுப்பு 16இலும் வெளுப்பு 235இலும் உட்காருகின்றன. மாற்றாமல் விட்ட கோப்பை டிவி தன் வழக்கப்படி படித்தால் இரண்டு முனையும் வெட்டுப்படும். தாத்தாவின் வேட்டி மடிப்புகள் மறைந்து ஒரே வெள்ளைத் தகடாகும். அப்பத்தாவின் கொண்டை பின்திரை நிழலோடு கலந்துவிடும். இதற்குப் பழியைப் பாவம் அந்தப் பழைய பிரிண்ட் சுமக்கிறது.

கறுப்பு வெள்ளைக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொள்கிறது. நிறத்தையோ நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்குகிறது. 1,920க்கு 1,080 திரையில் நிறத்துக்குக் கிடைப்பது 960க்கு 540தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் இழப்பதற்கு நிறமே இல்லை. என் அம்மாவின் கல்யாணப் படம் வண்ணத்தில் எடுத்தது. நெற்றிக் குங்குமத்தின் வட்டம் பிரிண்டில் அச்சு வைத்ததுபோல் இருக்கிறது, வீடியோவில் தோலுக்குள் கசிந்து நிற்கிறது. வெளிச்சக் கணக்கில் சிவப்பின் பங்கு ஐந்தில் ஒன்றளவுதான். சிவப்பின் விளிம்பைத் தாங்குவது பெரும்பாலும் நிறக் கணக்கு, அது ஏற்கெனவே கால்வாசியாகிவிட்டது. அப்பத்தாவின் படம் அம்மாவின் படத்தைவிட நன்றாகப் பிழைத்து வருகிறது.

குழுப்படங்களுக்கு நேர்வது இதைவிட வருத்தமானது. திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டுகிறார்கள். கீழே வெட்டினால் தரையில் சம்மணமிட்டிருந்த பிள்ளைகள் போகிறார்கள். பழைய டிவிகள் பலவும், புதியவற்றில் சிலவும், வருகிற படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை விழுங்கும். வரிசையின் கடைசியில் பாதி உடம்போடு நின்ற ஒன்றுவிட்ட சித்தப்பா அதில் போவார். அவருடைய படம் அது ஒன்றுதான் என்று இருக்கக்கூடும். டிவியின் அமைப்பில் படத்தை அதன் முழு அளவில் காட்டச் சொல்லலாம், ஷார்ப்னஸைக் குறைக்கலாம், அசைவை மென்மையாக்கும் வசதியை அணைக்கலாம். மண்டபத்து எல்.இ.டி. சுவரில் அதுவும் முடியாது. மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் விளக்குகள் பதித்த பன்னிரண்டு அடி அகலச் சுவரில் குறுக்கே சுமார் 1,220 பிக்சல், எட்டடி உயரத்துக்குச் சுமார் 810. மொத்தம் முழு எச்.டி.யில் பாதிக்கும் குறைவு. அத்தனை பெரிய திரை, சட்டைப்பையில் இருக்கும் செல்போனைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது. அங்கே குழுப்படத்தை முழுதாகக் காட்டினால் முகங்கள் நொய்யாகிவிடும். அந்த ஒரு இடத்தில் மட்டும், வரிசை வரிசையாகப் பிரித்துத் தனித்தனி நின்ற படங்களாகக் காட்டச் சொல்வேன்.

வாட்ஸாப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. படமாக அனுப்பினால் சுருக்கும், டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்காது. கண்ணாடிச் சட்டத்தோடு செல்போனில் எடுத்து டியூப்லைட் வெளிச்சமும் விழுந்த படத்தை எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது. சட்டத்தைக் கழற்றும் பொறுமை வீட்டாருடையது.

மீதியுள்ளது நேரம். முப்பது பேர் நிற்கும் படத்தைக் கண் எப்படிப் படிக்கிறது? முதலில் நமக்குத் தெரிந்த முகம். பிறகு அவர் பக்கத்தில் யார் என்று. பிறகு யாருடைய கை யார் தோளில். பிறகு எட்டிப் பார்க்கும் ஒரு பையன், இவன் அவனா என்று சந்தேகம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி. இதற்கு மூன்று நொடி போதாது, பதினைந்து நொடி வேண்டும். அந்தப் பதினைந்து நொடியும் கண்ணே நகர்ந்துகொண்டிருக்கிறது. கூடவே படமும் நகர்ந்தால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. படம் நின்றால்தான் கருவியும் அந்தத் தெரியாத பையனின் முகத்துக்குச் செலவழிக்க முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பொறியாளர்களும் புகைப்படத்தை நேசிப்பவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஸ்டுடியோவுக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள்: ஐம்பது படத்தை இருபதாகக் குறையுங்கள். அவற்றில் பாதியாவது அசையாமல் நிற்கட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள், யாரும் சொல்வதில்லை என்பதால்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரையாமல் நேராக வெட்டச் சொல்லுங்கள். வீடியோவோடு சேர்த்து மூல ஸ்கேன்களையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். பல டிவிகளில் அந்தப் பென் டிரைவைச் செருகிப் படங்களை நேரடியாகவே பார்க்கலாம். ஸ்கேன் செய்யும்போது படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, அழிந்துகொண்டிருக்கும் பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, எந்த வீடியோவிலும் அவை வருவதில்லை.